சொல்லாமல் செய்த திருத்தங்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குமுளியில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்தேன். அமெரிக்காவில் தோட்டக் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனியின் எடிட்டர் கரோல் எழுதியிருந்தார். "நீங்கள் பரிந்துரைத்தவரின் சோதனைக் கட்டுரை வந்தது. இதுவரை அவருடையது என்று நீங்கள் அனுப்பியவற்றை இவர் எழுதியிருக்க முடியாது. உண்மையில் யார் எழுதினார்கள்?"

எழுதியவர் அவர்தான், அதில் சந்தேகமில்லை. தப்பு செய்தவள் நான்.

1. எந்த இங்கிலீஷ்?

வெளிநாட்டு கிளையண்டுகளுக்கு எழுதிக் கொடுக்கும் இந்த ஃப்ரீலான்ஸ் வேலையில் எனக்குப் பதினைந்து வருஷம் ஆகிறது. சூரியநெல்லி எஸ்டேட்டில் பிறந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தேன். அங்கே கற்றது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். அதைத் தவிர இன்னொன்று உண்டு என்பதே முதல் அமெரிக்க கிளையண்ட் சிடுசிடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலையைத் தொடங்கும் முன் "உங்கள் வாசகர்கள் எந்த நாடு?" என்று கேளுங்கள். அமெரிக்கா என்றால் கலர் என்ற சொல்லில் 'யு' கிடையாது. லண்டன், சிட்னி என்றால் உண்டு. கனடாக்காரர்கள் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள், எந்த ஸ்பெல்லிங், எப்படிப்பட்ட வாக்கியம் என்று சொல்லும் ஸ்டைல் ஷீட்டை அவர்களிடம் வாங்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். எது சரியான இங்கிலீஷ் என்று வாதாடப் போவது வீண் வேலை. படிப்பவர் எங்கும் நின்று யோசிக்கக் கூடாது, அவ்வளவுதான். கிளையண்டிடம் கேட்க நான் கூச்சப்பட்டதே இல்லை. என் கூச்சமெல்லாம் வேறிடத்தில் இருந்தது.

2. விஸ்வநாதன் சார்

கரோலின் வேலை என் ஒருத்தியால் முடியாத அளவு பெருகியபோது, பாதியை விஸ்வநாதன் சாரிடம் கொடுத்தேன். பாலக்காட்டுப் பக்கம் கல்பாத்திக்காரர். கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். பையன்கள் வெளிநாட்டிலிருந்து "போதும்பா, ரெஸ்ட் எடுங்கோ" என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வரும். என்னிடமே சொல்லியிருக்கிறார், "ரெஸ்ட் எடுத்து எடுத்து மனுஷன் க்ஷீணிச்சு ஓய்ஞ்சு போறதாக்கும்" என்று.

முதல் கட்டுரை வந்தது. மண்வெட்டியைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது எப்படி என்பது விஷயம். விவரமெல்லாம் கச்சிதம். ஆனால் ஸ்பெல்லிங் முழுக்க பிரிட்டிஷ், வாக்கியங்கள் தீர்ப்பு நகல் மாதிரி நீளம். கூடவே ஒரு குறிப்பு: "தப்பு ஒண்ணும் இருக்காது. முப்பது வருஷத்துக் கையாக்கும்."

அதைப் படித்த பிறகு எப்படிச் சொல்வது? அவர் வயதென்ன, என் வயதென்ன. ஃபைலின் மொழியை அமெரிக்க இங்கிலீஷ் என்று மாற்றினேன். சிவப்புக் கோடு விழுந்த சொற்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நீள வாக்கியங்களை உடைத்தேன். அரை மணி நேர வேலை. அடுத்த கட்டுரைக்கும் அதையே செய்தேன். ஸ்டைல் ஷீட்டை அவருக்கு அனுப்பவே இல்லை, அனுப்பினால் குற்றம் சொன்னது போலாகிவிடுமே என்று. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்போதுதான் கரோல், ஒரு பெரிய கையேட்டுக்கு நிரந்தரமாக ஒரு எழுத்தாளர் வேண்டும், மறுபாதி எழுதுகிறவர் யார் என்று கேட்டார். நானும் பெருமையாக சாரின் பெயரைக் கொடுத்தேன். சோதனைக் கட்டுரையை அவர் நேராகவே கரோலுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு வருஷமாக எழுதுகிறவருக்குத் தங்கள் ஸ்டைல் தெரியும் என்றுதான் கரோல் நினைத்திருப்பார். சாருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்று சொன்னவர் என்ற பெயர் அவருக்கு வந்து சேர்ந்தது.

3. கல்பாத்தியில் ஒரு சாயங்காலம்

இதை ஃபோனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பம் இறங்கி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறிப் பாலக்காடு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். சார் கதவைத் திறந்ததும் சொன்னார்.

"வா, ஜெயா. அந்த அம்மா எனக்கும் எழுதியிருக்கா. முன்னாடி போனதெல்லாம் என் எழுத்து இல்லையாம். நீ ஒரு வார்த்தை எழுதினா போறும்."

"சார், எழுதினது நீங்கதான். ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி நான் திருத்திருவேன். ஸ்பெல்லிங்க அமெரிக்காவுக்கு மாத்துவேன், வாக்கியத்த ஒடைப்பேன். ஒங்ககிட்ட சொல்லல."

"எத்தனை நாளா?"

"மொதல்ல இருந்தே சார்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஜட்ஜ் என் தப்பை நிறைஞ்ச கோர்ட்டிலே வாசிச்சுக் காட்டியிருக்கார். மறுநாள் அந்தத் தப்பு வராது. நீ எனக்கு அந்த மறுநாளைத் தரவே இல்லையே."

எனக்கு அழுகை வந்தது. அவர் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து, நடந்ததையெல்லாம் கரோலுக்கு எழுதினேன். அனுப்பும் முன் அவரிடம் காட்டினேன். 'அவர் மேல் உள்ள மரியாதையால் சொல்லவில்லை' என்ற வரியில் விரலை வைத்தார்.

"மரியாதைன்னு எழுதாதே. பயம்னு எழுது. அதுதானே நிஜம்?"

மாற்றி எழுதி அனுப்பினேன்.

கரோல் நல்லவர். சாருக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஆனால் அதற்குள் அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். நல்ல பெயர் திரும்பி வந்தது, வேலை வரவில்லை. அதற்குக் காரணம் நான் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான். கூட வேலை செய்கிறவரின் தப்பை அவரிடமே சொல்லிவிடுங்கள். முகம் கோணுவார்களே என்று மறைத்தால், அவர்கள் சோற்றிலேயே மண் விழும்.

மூன்று மாதம் சாரிடமிருந்து ஃபோன் இல்லை. பிறகு அவரே அழைத்து ஸ்டைல் ஷீட்டைக் கேட்டார். அடுத்த வாரம் ஒரு கட்டுரை வந்தது. மேலே ஒரு வரி: "எல்லாத் தப்பையும் சிவப்பிலே காட்டி அனுப்பு."

பதினோரு இடத்தில் சிவப்புப் போட்டு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் ஃபோன் வந்தது.

"நான் திரும்ப வாசிச்சேன். பன்னெண்டு இருக்கு. நாலாம் பக்கத்திலே ஒண்ணை விட்டிருக்கே. வேணும்னு விட்டயா?"

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இருந்தது.

"இல்ல சார். எங் கண்ணுல படல."

"அப்போ சரி," என்றார். "அடுத்தது எப்போ தரணும்?"