ஐம்பத்தெட்டாம் நிமிஷத்தில் பாவா

அக்காவின் சி.டி. ஐம்பத்தெட்டாவது நிமிஷத்தில் நின்றதற்குக் காரணம் நான். மெக்கானிக் அல்ல, கரண்ட் அல்ல, ப்ளேயரும் அல்ல. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அக்கா பள்ளிப்பட்டில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரரை நாங்கள் பாவா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நடந்து, பேசி, சிரிப்பதைக் காட்டும் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொண்ணூறுகளில் திருத்தணி மண்டபத்தில் நடந்த அவர்கள் மகளின் கல்யாண வீடியோ கேசட் அது. பாவா இறந்து சில வருஷங்களில் அதில் பூஞ்சை பிடித்தது. நான் அப்போதுதான் அறிவியல் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கம்ப்யூட்டரும் சி.டி. எழுதும் கருவியும் வாங்கிவைத்து, யாராவது எதையாவது கொண்டுவர மாட்டார்களா என்று காத்திருந்தேன். "சி.டி.ல போட்டா நூறு வருஷம் இருக்கும்கா" என்று கேசட்டை வாங்கிக்கொண்டேன்.

எழுதி முடித்து, கம்ப்யூட்டரில் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். அருமையாக ஓடியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணப் படத்தை வெறும் வெள்ளி வட்டமாகக் கொடுக்க மனசு வரவில்லை. மலைப் படிக்கட்டுக் கடையில் வாங்கிய முருகன் ஸ்டிக்கர் ஒன்று வீட்டில் இருந்தது. வண்டியில் ஒட்டுகிற கனமான ரகம். நடுவில் ஒட்டினால் சி.டி.யின் துளை சாமியின் மார்பில் விழும். அது பாவம் என்று, துளைக்கு ஒரு பக்கமாகத் தள்ளி ஒட்டினேன்.

ஒட்டிய பிறகு ஓட்டிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் இடம் வேண்டும் என்று அதிலிருந்த படத்தை அழித்தேன். கேசட்டைப் பிரித்து நாடாவை உருவி, ஆர்.கே.பேட்டை சாலையில் இருந்த எங்கள் கம்பங்கொல்லையில் குருவி விரட்டுவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். காற்றில் அது ரீங்காரமிடும், பறவைகள் பயப்படும் என்று சொல்லியிருந்தார்கள்.

மறுவாரம் அக்கா போன் செய்தாள்.

"டேய், பந்தியில அவரு சாம்பார் வாளி தூக்கிகினு வராரு. கேமராவ பாத்து ஏதோ சொல்ல வாய தொறக்கறாரு. அப்படியே கட்டம் கட்டமா ஒடஞ்சி நின்னுடறாரு."

"என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியுங்கா. அவரு வந்து..."

"நீ சொல்லாத. அவரு வாயால கேக்கணும்."

என் கம்ப்யூட்டரில் ஓடியது, ஆகவே ப்ளேயர்தான் தப்பு என்றேன். ப்ளேயரின் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். தண்ணீர் சமமாகத்தான் இருந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். சி.டி.யைப் பற்பசை தடவித் துடைக்கச் சொன்னேன். பாவா கிராம்பு வாசனையோடு அதே இடத்தில் நின்றார். தாண்டிப்போகப் பொத்தானை அமுக்கினால் படம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். முகூர்த்தக்கால், மாப்பிள்ளை அழைப்பு, தாலி, பந்தி, வாளி, கட்டம். தினமும் நாதஸ்வரம் கேட்டு எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, உம் பொண்ணுக்கு இன்னிக்கும் கல்யாணமா?" என்று கேட்டாளாம்.

கடைசியில் அக்கா ப்ளேயரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருத்தணிக்கு என் வீட்டுக்கு வந்தாள். அவளை உட்காரவைத்துவிட்டு மெக்கானிக் கடைக்கு எடுத்துப்போனேன். மெக்கானிக் அரக்கோணத்திலிருந்து வந்து கடை போட்ட முஸ்லிம். பொறுமைசாலி. சி.டி.யைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"சார், இந்த ஸ்டிக்கர் ஒரு பக்கமா கீது. சுத்தும்போது டிஸ்க்கு ஆடுது. உள்பக்கம் எப்படியோ சமாளிச்சிடும். வெளி ஓரம் வரும்போது லென்ஸால புடிக்க முடியல."

அவர் சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் சுழலும் பொருள் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்புக்குப் பம்பரத்தில் களிமண் அப்பி நானே காட்டியிருக்கிறேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். மலைக்குப் போய்விட்டு வந்த திருநீற்று நெற்றிகள். நான் குரலை உயர்த்தினேன்.

"ஏம்பா, முருகன் படம் ஒட்டுனதாலதான் ஓடலன்றியா?"

நாலு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நான் அப்படி சொல்லல சார். லென்ஸ மாத்திப் பாக்கறேன்."

மாற்றினார். பாவா நின்றார். மோட்டாரை மாற்றினார். பாவா நின்றார். ஸ்டிக்கரைப் பற்றி அவர் மறுபடி பேசவேயில்லை. நான் பேசவிடவில்லை என்பதே சரி.

பாவாவின் தெவசம் வந்தது. எல்லாருக்கும் படத்தைப் போட்டுக்காட்ட வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அன்று காலை அவள் வீட்டுக் குளியலறைக்குள் சி.டி.யை எடுத்துப்போய்த் தாழ்ப்பாள் போட்டு, முருகனிடம் மன்னிப்புக் கேட்டு, நகத்தால் ஸ்டிக்கரை உரித்தேன். சுலபமாக வந்தது. கூடவே வெள்ளியும் வந்தது. சி.டி.யில் படம் அந்த வெள்ளிப் பூச்சில்தான் இருக்கிறது, அது மேல்பக்கமே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்டிக்கர் இருந்த இடம் கண்ணாடியாகி, அதன் வழியாக என் கட்டைவிரல் தெரிந்தது.

ஸ்டிக்கரைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு, சி.டி.யைப் போய்ப் ப்ளேயரில் போட்டேன். டிஸ்க் இல்லை என்று காட்டியது. அன்று அந்த வீட்டில் உண்மை பேசியது அது ஒன்றுதான்.

"ப்ளேயர் தின்னுட்டுதுக்கா" என்றேன்.

"அந்த மெக்கானிக்கு கை வெளங்காம போவ" என்றாள் அக்கா, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால். நான் பாயசம் குடித்தேன்.

மறுநாள் கம்பங்கொல்லைக்கு ஓடினேன். கல்யாணம் முழுவதும் வெயிலில் பளபளத்தது. மாதக்கணக்கில் காய்ந்து முறுக்கேறிப் பல இடங்களில் அறுந்திருந்தது. குருவிகள் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து கம்பு தின்றுகொண்டிருந்தன.

போன மாதம் பள்ளிப்பட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கரையும் காட்டினேன். அவள் அதைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த வெள்ளியை வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கு அவரு என்னதான்டா சொன்னாரு?"

"'அந்த லைட்ட அணைப்பா, சாம்பார்ல பூச்சி வுழுது'ன்னு வீடியோக்காரன்கிட்ட சொன்னாருக்கா."

அக்கா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். "ஆங், அவரேதான்" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த மெக்கானிக் இன்னும் கீறாரா?"

"செல்போன் கடை வெச்சிகினு கீறாரு."

"பஸ் ஸ்டாண்டுல பாக்கும்போதெல்லாம் மூஞ்ச திருப்பிகினு போயிருக்கேன்டா. அந்தாளு ஒரு நாளும் வாய தொறக்கல." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கெளம்பு. நீயே அவருகிட்ட சொல்லு. அன்னிக்கு சொன்ன மாதிரியே, நாலு பேரு நிக்கும்போது, சத்தமா."

கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.