ஏழு மணிக்கு முன் ஒரு வாக்கு

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ரொறொன்ரோவில் மாநகரசபைத் தேர்தல் நடக்க இருந்த ஒக்ரோபர் மாதம் அது. அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருந்தோம். தாளிக்கிற மணத்தை வைத்தே எந்த வீட்டில் என்ன கறி என்று சொல்லிவிடலாம். இப்போது நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் தனி வீடு. அந்த மணங்கள் இல்லை.

எதிர்வீட்டில் அறுபது தாண்டிய ஓர் அண்ணையும் அவர் மனைவியும் இருந்தார்கள். அண்ணைக்கு அந்தக் கோடையில்தான் குடியுரிமை கிடைத்திருந்தது. ஊரில் சண்டையும் இடப்பெயர்வுமாகக் காலம் போனதில் அவர் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. தபாலில் வந்த வாக்காளர் அட்டையைப் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் காட்டுவார்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. தேர்தல் நடக்கும் அதே திங்கட்கிழமை அவருக்கு இருதய ஒப்பரேசன். அட்டையோடு என்னிடம் வந்தார்.

“பிள்ளை, முந்தியே போடலாமெண்டு ஆரோ சொல்லுகினம். உதிலை என்ன எழுதிக்கிடக்கு?”

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஆங்கிலக் கடிதம் வாசிப்பவள் என்று அந்த மாடியில் எனக்கொரு பெயர். முன்கூட்டிய வாக்களிப்பு என்று இருந்ததைப் பார்த்தேன். கீழே இருந்ததை வாசிக்கவில்லை. ஊரில் முன்னரே வாக்களிப்பது தபால் வாக்குப் போடும் அரசாங்க ஊழியர்கள்தானே.

“அது கவுண்மேந்து வேலைக்காரருக்கு, அண்ணை.”

“அப்ப அடுத்த முறை பாப்பம். இருந்தால்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்து, வேலை முடிந்து சமூக நிலையத்தைக் கடந்து வந்தபோது வாசலில் ஒரு வரிசை. என்னோடு பொதி கட்டும் வேலை செய்யும் அக்கா ஒருவர் அதில் நின்றார். முன்கூட்டிய வாக்களிப்பு என்றார். நீங்கள் எப்போது கவுண்மேந்தில் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன்.

“ஓம், நான்தான் மேயர்! விசரே உமக்கு? சிற்றிசன் எண்டால் ஆரும் போடலாம். இண்டைக்குத்தான் கடைசி, ஏழு மணியோடை சரி.”

வீட்டுக்கு ஓடினேன். மணி ஆறைத் தாண்டியிருந்தது. எங்கள் கட்டடத்தில் ஒரு லிஃப்ற்தான் அன்று ஓடியது. அங்கே குடிவந்து மூன்று வருடத்தில், கூச்சத்தில் யார் வீட்டுக் கதவையும் நானாகத் தட்டியதில்லை. அன்று இரண்டு கையாலும் தட்டினேன். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“அதுக்கேன் அழுறீர்? நேரம் கிடக்குத்தானே” என்று அண்ணை உள்ளே போனார். போனவர் வரவில்லை. சேட்டு அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி சத்தம் போட்டார். “வோட்டுப் போடத்தானே போறியள், பொம்பிளை பாக்கவே?”

ஓடவும் முடியாது. நெஞ்சு வருத்தக்காரர். மெல்ல நடந்து நாங்கள் வரிசையில் சேர்ந்தபோது ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள், பிறகு வாசலை மூடினார்கள். அண்ணை தன் சாரதி அனுமதிப் பத்திரத்தைக் காட்டி, மறைவில் நின்று வெகுநேரம் அடையாளமிட்டார். இயந்திரம் தாளை உள்ளே இழுத்த பிறகும் அங்கேயே நின்றார்.

“முடிஞ்சுதோ, பிள்ளை?”

“முடிஞ்சுது, அண்ணை.”

“இவ்வளவுதானோ! இதுக்கே அறுபது வருசம்?”

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பியவர், பார்க்க வந்த எல்லோரிடமும், “உந்தப் பிள்ளை தேடிவந்து கூட்டிக்கொண்டு போகாட்டில் எனக்கு வோட்டில்லை” என்றே சொன்னார். நான் செய்த பிழையை ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை; இப்போதுதான் எழுதுகிறேன். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த மாடிக்காரர்கள் தங்கள் அட்டைகளோடு என்னிடம் வந்தார்கள். கடைசி வரிவரை வாசிக்காமல் நான் வாய் திறந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் கூச்சப்படுகிற எனக்கு, “தெரியாது, கேட்டுச் சொல்லுறன்” என்று சொல்வதற்கு மட்டும் அன்றிலிருந்து கூச்சமில்லை.