இரும்புக்கான அளவில் ஒரு மரப்படகு

காலை ஆறரை. கார் ஷெட்டைத் திறந்ததும், நாங்கள் செய்துவந்த கயாக் என்ற சிறு துடுப்புப் படகின் பக்கப் பலகைகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு விரல் நீண்டிருப்பது தெரிந்தது. அப்படியே ஒட்டியிருந்தால் படகு கோணலாகி, பவானி ஆற்றில் என் கணவரைக் கவிழ்த்திருக்கும்.

"ஏனுங்க, எதுல அளந்தீங்க?"

அவர் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில், வார்ப்பு அச்சுக்கான பேட்டர்ன் மாதிரிகளை மரத்தில் செய்பவர். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அவர்களுடைய அளவுகோலில் ஒவ்வொரு அங்குலமும் சற்றுப் பெரிது. ஒரு பலகையை அதில் அவர் அளந்தார். இன்னொன்றைச் சாதாரண டேப்பில் நான் அளந்தேன்.

"மரத்தையும் உருக்கி ஊத்தப் போறீங்களாக்கும்!"

"கைப்பழக்கம் அம்மணி, செஞ்சுபோட்டேன்."

இரண்டையும் சேர்த்துப் பிடித்து, சின்னதன் அளவுக்குப் பெரியதை அறுத்து இழைத்தார். விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பலகையின் விளிம்பு எங்கே முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு முறை பசை கலக்குமுன்னும் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன்.

போன மாதம் சத்தியமங்கலத்தில் ஆற்றில் இறக்கினோம்; படகு நேராகப் போனது.