உச்சி மாடத்துக்கு ஏறாதவர்

மேடையின் நடுவில் நின்றுகொண்டு, எர்சிலியா ஒரு பழைய நுழைவுச்சீட்டை மெதுவாகக் கிழிக்கிறார். "கேக்குதா?" என்று அண்ணாந்து கேட்கிறார். ஐந்து அடுக்கு உயரத்தில், கூரையை ஒட்டிய உச்சி மாடத்திலிருந்து சுற்றுலாக்காரர்கள் இருபது பேரும் "கேக்குது, கேக்குது!" என்று கூவுகிறார்கள்.

"பாத்தீங்களா! பாடறவன் எச்சில் முழுங்கினாக்கூட மேல இருக்கறவனுக்குத் தெரிஞ்சுடும். பார்மாவுல ஓபரா பாட வர்றவனுக்கு வயித்தைக் கலக்கறது சும்மா இல்ல."

ஒரு நாளைக்கு நான்கு முறை இப்படி. பத்தொன்பது வருஷமாக, வருகிறவர்களுக்கு பார்மா நகரத்தின் இந்த இசைநாடக அரங்கைச் சுற்றிக் காட்டுகிறார். நான் வாசலில் சீட்டுப் பார்க்கிறவன், பெயர் நெல்லோ. அவர் பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம். என்றாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

குள்ளமான உருவம், கழுத்துவரை பொத்தான் போட்ட கருநீலக் கோட்டு. யாராவது திரைச்சீலையைத் தொடப் போனால் திரும்பிப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிடுவார். "கையை எடுங்கய்யா. வந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு நூல் உருவியிருந்தா இந்நேரம் மேடை அம்மணமா நின்னிருக்கும்." மத்தியானம் எதிரேயுள்ள காப்பிக் கடையில் நின்றபடியே பன்றித்தொடை வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, முந்தின வாரத்துப் பாடகனைக் கிழிப்பார்: "தொண்டையா அது? எண்ணெய் போடாத கதவு." அவருக்கோ ஒரு வரி ஒழுங்காகப் பாட வராது.

உச்சி மாடத்தை அவர் வர்ணித்தால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்று நினைப்பீர்கள். எந்தப் பெஞ்சு வழவழப்பு, எந்தத் தூணில் யார் பெயரைக் கீறியிருக்கிறார்கள், மழை பெய்தால் கூரை எப்படி முணுமுணுக்கும், எல்லாம் சொல்வார். உண்மையில் பல வருஷம் அவர் ஒரு தடவைகூட அங்கே ஏறியதில்லை. உயரம் என்றால் அவருக்கு உயிர் போகும். தங்கை வீட்டு முதல் மாடியிலேயே பால்கனிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். காகிதம் கிழிக்கும் வித்தையே தான் கீழே தங்குவதற்காகக் கண்டுபிடித்ததுதான். இது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன ஏப்ரலில் ஒரு நாள், காகிதம் கிழிந்து முடிந்தும் மேலேயிருந்து சிலர் இறங்கி வரவில்லை. ஃபெர்ராராவிலிருந்து வந்த லீதியா என்ற அம்மாள் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி ஒரு நிமிஷம் கீழே எட்டிப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து பெஞ்சுக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். புருஷன் முதல் ஆளாக இறங்கி வந்துவிட்டிருந்தார், கீழே நின்று சத்தம் போட்டார்: "எந்திரிச்சு வாயேன்! எல்லாரும் பாக்கறாங்க! ரயிலுக்கு நேரமாச்சு!"

"ரயில் நாளைக்கும் ஓடும், நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார் எர்சிலியா. அவர் முகம் வெளுத்திருந்தது.

"நான் போறேன்" என்றேன்.

"நீ போனா கையைப் பிடிச்சு இழுப்பே நெல்லோ. பயந்து கெடக்கறவளை இழுக்கக் கூடாது. உனக்கு அது தெரியாது."

குறுகலான படிக்கட்டில் சுவரோடு சுவராக ஒட்டி ஏறினார். நான் பின்னால் போனேன். ஒவ்வொரு படிக்கும் அரங்கைக் கட்டினவனின் குடும்பத்தில் ஒருவரைத் திட்டினார். மேல் கதவைத் தாண்டியதும் நின்றார். பிறகு கோட்டைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டு, தவழ்ந்து போனார். அங்கே நின்ற ஓர் இளைஞன் கைப்பேசியை உயர்த்தினான். அதன்மேல் என் உள்ளங்கையை வைத்தேன்.

எர்சிலியா மேடைக்கு முதுகைக் காட்டி லீதியா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குக் காலே வரலீங்க" என்றார் லீதியா.

"எனக்கும்தான்."

"நீங்க இங்க வேலை பாக்கறவங்கதானே?"

"பத்தொன்பது வருஷமா. மேல ஏறினது இன்னிக்குத்தான்."

லீதியா திரும்பி அவரைப் பார்த்தார். "அப்ப அந்த மழைச் சத்தம், வழவழப்பான பெஞ்சு..."

"ஒருத்தர் வந்து சொன்னதை அடுத்தவருக்குச் சொன்னேன். தப்பா?"

லீதியா சிரித்தார். அழுகையும் கலந்த அந்தச் சிரிப்பு அரங்கம் முழுக்கப் பரவியது. "அடிப்பாவி!" என்றார்.

"சரி, இப்ப நாம ரெண்டு பேரும் உக்காந்தபடியே இறங்கலாம். பாவாடை அழுக்காகும், ஆகட்டும். நெல்லோ, நீ முன்னாடி போ. கீழே பாக்கறதுக்குப் பதிலா உன் வழுக்கையைப் பாத்துக்கறோம்."

அப்படியே இறங்கினார்கள், படிப்படியாக, அவரவர் ஊரில் கத்தரிக்காயை எப்படிச் சமைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே. கீழே வந்ததும் லீதியா புருஷனிடம் போகவில்லை. முதலில் எர்சிலியாவைக் கட்டிக்கொண்டார். எர்சிலியா காலணியைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைச் சலவைக்கல் தரையில் ஊன்றி வெகுநேரம் நின்றார்.

அத்தோடு ரகசியம் போயிற்று. வேலை போய்விடும் என்று பயந்து எர்சிலியா இரண்டு நாள் காப்பிக் கடைக்கே வரவில்லை. மேலாளர் அழைத்து, "இத்தனை வருஷம் சொல்லாம இருந்துட்டீங்களே" என்று மட்டும் கேட்டாராம்.

இப்போதெல்லாம் மேலே அனுப்புவதற்கு முன் உரக்கவே சொல்லிவிடுகிறார்: "பயப்படறவங்க என்கூட இருங்க. வெக்கமே வேண்டாம், சங்கத்துக்குத் தலைவி நான்தான்." ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பேராவது தங்குகிறார்கள்.

நேற்று வந்த குழுவில் ஓர் ஆள், தடித்த மீசை, மலையேறுகிறவர்கள் போடும் பூட்ஸ். "நீ போய்ப் பாத்துட்டு வா, எனக்கு முழங்கால் வலி" என்று மனைவியை அனுப்பிவிட்டு, கூரையைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எர்சிலியா தன் பக்கத்திலிருந்த மடக்கு இருக்கையை இறக்கி, அதன் சிவப்பு வெல்வெட்டைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.