தட்டிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்

செவ்வாய்க்கிழமை காலை கைப்பேசியில் வத்சலாவின் பெயர் வந்தபோது, ஹைதராபாத்தில் எங்கள் மல்லாபூர் தொழிற்சாலையில் ஒரு புது உலையின் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதவில் ஒரு மாற்றம் வேண்டும் என்று முந்தின நாள்தான் கேட்டிருந்தார். எடுத்ததும், "என்ன மேடம், காலங்காத்தாலேயே ஆரம்பிச்சாச்சா? உங்க கதவு வேலைதான் நடக்கு, கொஞ்சம் பொறுங்க" என்று பொரிந்து தள்ளினேன். அந்தப் பக்கம் அவர் கணவரின் குரல் வந்தது. "அண்ணாச்சி, நான் சேகர். வத்சலா தவறிட்டா."

"நேத்து சாயந்தரம்கூட என்கிட்ட சண்டை போட்டாங்களே" என்றேன். சண்டை போட்டவர் மறுநாள் சாக முடியாது என்பதுபோல.

பல் தேய்க்கப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டாராம். மாரடைப்பு என்றார்கள். ஐம்பதுகூட ஆகவில்லை. மூச்சு முட்டும் உயரங்களில் ஏறி இறங்கியபோது ஒன்றும் ஆகாதவர், மல்காஜ்கிரியில் தன் வீட்டுக் குளியலறையில் விழுந்தார். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

எங்கள் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் செய்வது இழுத்துக்கொண்டு போகக்கூடிய குப்பை எரிக்கும் உலைகள். பனிமலையில் சாலை முடிந்த இடத்துக்கும் மேலே இருக்கும் ராணுவ முகாம்களுக்கு அவை போகின்றன. வரைந்து கொடுப்பது என் வேலை. கூடவே போய், நிறுத்தி, பற்றவைத்துக் காட்டிவிட்டு வருவது வத்சலாவின் வேலை. "மேலே எல்லாம் போகுது அண்ணாச்சி. கீழே திரும்பி வர்றது மனுஷங்க மட்டும்தான். பனியில எதுவும் மக்கறதில்லை, போன வருஷத்து டப்பா இந்த வருஷமும் அப்படியே பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது" என்பார். முதல் பயணம் முடிந்து வந்து அவர் காட்டிய படங்களில் பாதி மலை, பாதி குப்பை.

அப்படிப் போன ஒரு முகாமில்தான் அது நடந்தது. இரவு முழுக்க எரிந்து அணைந்த உலையின் செங்கல் காலையிலும் இளஞ்சூடாக இருக்கும். கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கிறார்கள். வத்சலா வந்து சுவிட்சைப் போட்டார். நெருப்பு பிடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் வெறும் காற்று மட்டும் ஓடும். அந்த இரைச்சலுக்குள் ஒரு முனகல் கேட்டிருக்கிறது. அணைத்துவிட்டுத் திறந்தால், சாம்பல்மேல் ஒரு நாய், குட்டி போட்டுப் படுத்திருந்தது. அன்று முகாமில் குப்பை எரிக்கவில்லை. சமையல்காரர் பால் கொண்டுவந்து வைத்தாராம். ஊர் திரும்பி வத்சலா எங்களிடம் சொன்னது இது.

அதன்பிறகு எந்த உலையையும் அவர் தட்டாமல் பற்றவைத்ததில்லை. கதவைத் தட்டுவார், காத்திருப்பார், பிறகுதான் சுவிட்ச். போகிற முகாமெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தார். ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே, உள்ளேயிருந்து யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று கேட்டாராம். "யாரும் பதில் சொல்லலைன்னாதான் சார் பத்தவைக்கணும்" என்றாராம் வத்சலா. நான் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு செய்து கொடுத்தேன். "கதவு இருக்கட்டும். தட்டறதும் இருக்கட்டும்" என்றார்.

பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பூனை வரும் என்று துணி துவைக்கும் இயந்திரத்தையும் தட்டுவார். அவர் மகள் தாரிணி ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்பவள். "அம்மகி பிச்சி, அங்கிள்" என்பாள், அம்மாவுக்குப் பைத்தியம் என்று. வத்சலாவும் சேர்ந்து சிரிப்பார்.

கடைசிச் சண்டையும் இதைப் பற்றித்தான். உலைக் கதவின் தகடுகளுக்கு நடுவே சூடு தாங்கும் பஞ்சை அடைத்திருப்போம். வெளியே தட்டினால் உள்ளே சரியாகக் கேட்பதில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். கதவை ஊடுருவி ஓர் இரும்புக் கம்பி வைக்கச் சொன்னார். வைத்தால் சூடு வெளியே வரும் என்றேன். "வராத மாதிரி வைங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை மயானத்தில் எரிவாயு உலை. கதவு சாத்தியாயிற்று. பட்டனை அழுத்த வேண்டியவள் தாரிணி. "தபாவ் பேட்டா" என்றார் ஊழியர், அழுத்தும்மா என்று, மெதுவாகத்தான். அவள் விரலைப் பட்டன்மேல் வைத்தாள், எடுத்தாள். நேரே போய்க் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு நின்றாள். சேகர் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம், உண்மையாகவே காத்திருந்தோம். பிறகு அவள் என்னைப் பார்த்து, தமிழில், "பதில் வரல, அங்கிள்" என்றாள். இருபது வருடமாகக் கதவு செய்கிறவன் நான். அந்தக் கதவுக்குள்ளும் பஞ்சு இருக்கும், தட்டியது உள்ளே கேட்டிருக்காது என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. அவள் பட்டனை அழுத்தினாள்.

அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தட்டல்தான். இந்த வாரம் கம்பியை வைத்துவிட்டேன், வத்சலா. சூடு வராதபடி வெளிமுனையில் பீங்கான் குமிழும் போட்டாயிற்று. சோதித்துப் பார்க்க வேண்டுமே என்று அணைந்த உலைக்குள் நானே குனிந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தி வெளியிலிருந்து தட்டும்படி பட்டறைப் பையனிடம் சொன்னேன். நன்றாகக் கேட்டது. பதிலுக்கு நானும் உள்ளேயிருந்து தட்டினேன்.