சிலும்பியில் இருந்த குறி

எல்லம்மாளும் அவள் புருஷன் காசியும் மலையைச் சுற்றியிருந்த சாமியார்களுக்குச் சிலும்பி செய்து விற்றார்கள். புகையிலையோ கஞ்சாவோ அடைத்து இழுக்கிற மண்குழல். தெருவில் மூன்று வீட்டுச் சரக்கும் ஒரே சூளையில் வெந்ததால் அடையாளம் வேண்டியிருந்தது. காசி வீட்டுக் குறி, ஈர மண்ணில் நகத்தால் எதிரெதிராக இரண்டு பிறை, நடுவில் ஈர்க்குச்சியால் ஒரு புள்ளி. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அதுதான்.

1976 கார்த்திகையில், செங்கம் ரோட்டில் ஒரு வாடகை அறையில் வெள்ளைக்காரர் ஒருவர் செத்துக் கிடந்தார். தலைமாட்டில் ஒரு சிலும்பி. போலீஸ்காரர்கள் அதைக் கடை கடையாகக் காட்டினார்கள். ஒரு கடைக்காரர், "இது காசி வூட்டுதுங்க" என்றார். அவருக்கு வஞ்சம் எதுவும் இல்லை. கேட்டார்கள், சொன்னார்.

"மண்ணுதாங்க என்னுது. உள்ள போட்டது யாருன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று காசி அழுதான். யார் கேட்டார்கள்? மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து அவன் திரும்பியபோது வலது கையில் மூன்று விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. வெள்ளைக்காரர் செத்தது முற்றிய மஞ்சள் காமாலையில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது அடுத்த வாரம்தான். விரல்கள் கோணலாகவே கூடின. சக்கரத்தில் மண் நிற்கவில்லை. குடிக்கத் தொடங்கினான், ஒன்றரை வருஷத்தில் செத்துப்போனான். மற்ற இரண்டு வீட்டாரும் பயந்து முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். எல்லம்மாள் ஒரு லாட்ஜில் அறை கூட்டப் போனாள்.

1984இல் தொல்லியல் ஆய்வாளர் ஒருவர் அட்டைப்பெட்டியோடு அந்தத் தெருவுக்கு வந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு மேட்டைத் தோண்டியதில் கிடைத்த உடைந்த சிலும்பிகள். ஒரு துண்டை எல்லம்மாளிடம் கொடுத்தார். இரண்டு பிறை, ஒரு புள்ளி.

"இந்தக் குறி யார் வீட்டுதும்மா?"

அவள் துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். "யாருங்க செத்தது?"

அவர் சிரித்தார். "யாரும் இல்லம்மா. இது எரநூறு வருஷத்துக்கு முந்தினது. செஞ்ச வம்சம் தெரிஞ்சா பேரை எழுதிக்கலாம்."

பக்கத்தில் நின்ற நாத்தனார் ரேணுகாம்பாள் வாயைத் திறக்கப் போனாள். எல்லம்மாள் அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"தெரியாதுங்க. எங்க தெருவுல இப்படிப் போடறதில்ல."

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

"ஏன் அண்ணி சொல்லல?" என்றாள் ரேணுகாம்பாள். "நம்ம வூட்டுக் குறிதானே? எங்க அண்ணன் பேரு புஸ்தகத்துல வந்திருக்குமே."

"அன்னிக்கும் பேரைத்தான் கேட்டாங்க."

எல்லம்மாள் லாட்ஜுக்குப் போனாள். நான்கு அறைகள் கூட்டினாள். ஐந்தாவது அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.