வடக்குப் பனிச்சுவரும் மேற்கு முகடும்

சுமித்ரா மலை ஏறப் போகிறாள் என்றதும் அவள் சொந்த ஊரான நகரியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: அங்கே எந்தச் சாமி இருக்கிறது? திருப்பதியில் வேலை பார்க்கும் பெண் மலை ஏறுவதில் அவர்களுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. சாமியே இல்லாத மலைக்கு, டில்லியையும் தாண்டிப் போய், கயிறு கட்டிக்கொண்டு ஏறுவானேன் என்பதுதான் புரியவில்லை. அவளுடைய அப்பா ஆதிநாராயணன் ஆயுசு முழுவதும் பவர்லூம் சத்தத்தில் வேலை செய்தவர். வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். "சாமி இல்லன்னா இன்னாத்துக்கும்மா அவ்ளோ தூரம்?" என்று அவர் கேட்டது தெருமுனை வரை கேட்டது. "போய்ட்டு வந்து சொல்றேன் நைனா" என்று சுமித்ரா சிரித்து மழுப்பினாள்.

திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தலக்கோனா பக்கத்துப் பாறைகளில் ஏறிப் பழகும் சின்னக் கூட்டம் ஒன்றில் சேர்ந்தபோதுதான் பவன்குமாரைப் பார்த்தாள். குடுபல்லிக்காரன். சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லாத பெற்றோர் அடுத்தவர் கொல்லையில் நிலக்கடலை பிடுங்கிப் படிக்கவைத்த பிள்ளை. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. வாரம் தவறாமல் பஸ் பிடித்து வந்துவிடுவான். கயிற்றின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவள் என்று வருடங்கள் ஓடின. ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். அவர்களுக்கிடையில் அப்படி ஒன்றும் இல்லை. மலையைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை. சேர்ந்து மணாலிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். சுமாரான பனிமலைகள் இரண்டில் ஏறிவிட்டு வந்தார்கள்.

பெரிய மலையைக் கண்டுபிடித்தவன் பவன்தான். மணாலியைத் தாண்டி, லாஹுல் பள்ளத்தாக்குக்கும் வடக்கே, வரைபடத்தில் உயரம் மட்டும் குறித்த, பெயர்கூட இல்லாத சிகரம். அதுவரை யாரும் ஏறியதாகத் தகவல் இல்லை. பக்கத்து மலையிலிருந்து யாரோ எடுத்த படம் இன்டர்நெட்டில் கிடைத்தது. வடக்குப் பக்கம் நிமிர்ந்து நிற்கும் பனிக்கட்டிச் சுவர். மேற்கில் பல் பல்லாக நீளும் பாறை முகடு. பவன் சுவரைத் தேர்ந்தெடுத்தான். சாலை முடிந்த பிறகும் நாள்கணக்கில் நடக்க வேண்டும், அடிபட்டால் தூக்கிவர ஹெலிகாப்டர் வரும் என்று நம்ப முடியாது என்பதால், சுவரில் எங்கே தூங்குவது, அடுப்புக்கு எத்தனை காஸ் டப்பா, எந்த இடத்துக்கு மேல் திரும்பி இறங்க முடியாது என்று ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்தே 2006 போய்விட்டது.

அடுத்த மார்ச்சில் பவனை அவனுடைய கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில், டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். இரண்டே வருடம், அதுவரை மலையைத் தள்ளிவைக்கலாம் என்றான். குடுபல்லியில் ஓலை வேய்ந்த வீட்டில் இருக்கும் அவன் பெற்றோரைச் சுமித்ரா பார்த்திருக்கிறாள். கோபப்பட மனம் வரவில்லை. போய்வரச் சொன்னாள்.

அவன் போன பிறகு திட்டத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. சுவரின் கஷ்டமான இடங்களை எப்போது நினைத்தாலும் முன்னால் ஏறிக்கொண்டிருந்தவன் பவன். அவள் கீழே நின்று கயிறு பிடித்திருந்தாள். இத்தனை நாளும் அவள் போட்டது அவன் ஏறுவதற்கான திட்டம்.

அதே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஏறிப் பழகிய, சித்தூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்த கலைவாணி தானும் வருவதாகச் சொன்னாள். நல்ல பலம், நிதானம்; பனிக்கட்டியில் மட்டும் பழக்கம் குறைவு. சுமித்ரா யோசித்து யோசித்து மேற்கு முகட்டுக்கு வழியை மாற்றினாள். ஒரு சாயங்காலம் பவன் போன் செய்தபோது சொல்லியும்விட்டாள்.

"ஒரு வருஷம் முழுக்க உக்காந்து போட்ட பிளான் சுமித்ரா. அது என் ரூட்டு."

"நீ இருந்தா அதான் சரி. இப்ப நீ இல்ல பவன். ஏறப்போறது நானும் கலைவாணியும். எங்களால எது ஆவும்னு நாங்கதான பாக்கணும்?"

பவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை.

ஆகஸ்டில் இருவரும் மணாலியிலிருந்து ஒரு சமையல்காரரும் சுமைகாரர்களுமாகப் புறப்பட்டார்கள். மலையடியில் கூடாரம் போட்டு நிமிர்ந்து பார்த்தாள் சுமித்ரா. வடக்குச் சுவர் படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. ஒரு கல்லும் உருளாத, நீலம் பாய்ந்த, கெட்டியான பனிக்கட்டி. கலைவாணியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பவன் அண்ணன் சொன்னது நல்லாத்தான் இருக்குது."

"இருக்குது. அதுல முன்னால போவ எனக்குத் தெரியாது கலைவாணி."

அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

மேற்கு முகட்டில் பிடித்த பிடியெல்லாம் கையோடு பெயர்ந்து வந்தது. மூன்றாம் நாள் ஒரு பிளவை எட்டினார்கள். அதற்கப்பால் இற்றுப்போன பாறைக் கோபுரம். அதற்கும் மேலே, பக்கத்தில் இருப்பதுபோல் சிகரம். ஒரு பாறைத்துண்டு பெயர்ந்து கலைவாணியின் தோளை உரசிக்கொண்டு போனது. இறங்கிவிடலாம் என்றாள் சுமித்ரா. கலைவாணி கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாள்.

திருப்பதிக்கு வந்ததும் சுமித்ராவே பவனை அழைத்தாள். சுவரைப் பற்றி அவன் சொன்னதுதான் சரி, முகடு மொத்தமும் உதிர்கிறது என்றாள். அவன், பனிக்கட்டி என்ன நிறம், வெயில் எத்தனை மணிக்கு அதன்மேல் படுகிறது, அடியில் விரிசல் இருக்கிறதா என்று பசித்தவன்போல ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கடைசியில், "நான் ரெண்டு வருஷத்துல திரும்ப மாட்டன்னு நெனைக்கறேன்" என்றான். "இங்கயே இருக்கச் சொல்றாங்க."

"தெரியும் பவன்" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் சுமித்ராவும் கலைவாணியும் ஸ்பிதிக்குப் போய், உறைந்துபோன அருவிகளில் முன்னால் ஏறப் பழகினார்கள். சுமித்ரா விழுந்தாள், மணிக்கட்டு வீங்கியது, மறுபடியும் ஏறினாள். திரும்பி வந்து, மலை ஏற அனுமதி தரும் டில்லி அலுவலகத்துக்கு மறுபடி எழுதினார்கள், இந்த முறை வடக்குச் சுவருக்கு. முதல் ராத்திரியைச் சுவரின் பாதியில், பவன் குறித்துவைத்த திட்டில் கழிக்கலாம் என்றாள் சுமித்ரா. கலைவாணி ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரம் ஒரே நாளில் ஏற இருவராலும் ஆகாது, கீழேயே பாறை ஓரமாக ஓர் இடம் பார்த்துவைத்திருக்கிறேன் என்று படத்தில் காட்டினாள். சுமித்ரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அந்த இடத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.